என் பெயரில் எழுதிய ஓரகத்தி

என் ஓரகத்தி மியாவ் ஷிலானை வந்த நாளே எனக்குப் பிடிக்கவில்லை. காரணம் கேட்டால் இன்றைக்கும் பெரிதாக ஒன்றும் சொல்ல முடியாது. புது வருஷத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது என் கொழுந்தன் யுன்தாங் அவளைக் கிராமத்திலிருந்து ஷென்யாங் நகரத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தான். கையில் இரண்டு வயதுப் பெண் நிங். முதுகில் போர்வை மூட்டை. மூட்டையை இறக்கி வைப்பதற்கு முன்னாலேயே சுவரில் ஒட்டியிருந்த பழைய பேப்பரைப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். குளிர் வராமல் இருக்க மாவுப் பசை காய்ச்சி நான் ஒட்டிய பேப்பர் அது. ஆறு வருஷமாக தினம் பார்க்கிற சுவர். அதில் எழுத்து இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

"அக்கா, இது தலைகீழா ஒட்டியிருக்கு" என்றாள்.

"குளிருக்கு மேலே கீழே தெரியாதும்மா" என்றேன்.

மாமியார் சிரித்தார். யாருடைய பேச்சுக்குச் சிரித்தார் என்று எனக்கு இன்னமும் சந்தேகம்.

நாங்கள் இருந்தது ஆலைக் குடியிருப்பில், மூன்றாவது மாடி. நீள நடை, இரண்டு பக்கமும் வீடுகள், அவரவர் வாசலில் அவரவர் அடுப்பு. எனக்கும் அவளுக்கும் அடுத்தடுத்த கதவு. அவள் வீட்டில் என்ன கொதிக்கிறது என்று என் மூக்குக்குத் தெரியும். என் வீட்டுச் சண்டை அவள் காதுக்குத் தெரியும்.

என் வீட்டுக்காரர் யுன்ஷெங் உலையில் வேலை. நான் வார்ப்பட்டறையில் கோர் செய்கிறவள். இரும்பை உருக்கி அச்சில் ஊற்றினால் கட்டியாகத்தான் வரும். பம்பு மாதிரி உள்ளே கூடாக இருக்க வேண்டுமென்றால், அந்தக் கூட்டின் உருவத்தை மணலில் செய்து, சுட்டு, அச்சுக்கு நடுவே வைக்க வேண்டும். அதுதான் கோர். இரும்பு அதைச் சுற்றி உறைந்ததும் மணலை உடைத்து வெளியே கொட்டிவிடுவார்கள். ஆளிவிதை எண்ணெயில் பிசைந்த மணல், கைக்கு ஈர மாவு போல இருக்கும். பதினேழு வயதில் அதில் கை வைத்தேன். மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்காதவளுக்கு அது பெரிய இடம். மார்பில் ஆலைப் பெயர் அச்சடித்த நீலச் சட்டை கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு கல்யாண வீட்டுக்குக்கூடப் போவேன். மாதாமாதம் வெள்ளைப் பருத்திக் கையுறை வரும். அதைப் பிரித்து நூலாக்கிப் பனியன் பின்னாத பெண்பிள்ளை எங்கள் குடியிருப்பில் கிடையாது.

ஷிலானுக்கு அதெல்லாம் இல்லை. அவள் பெயர் கிராமப் பதிவில் இருந்தது. கிராமப் பதிவு இருந்தால் நகரத்து ரேஷன் புத்தகம் கிடையாது, ஆலையில் நிரந்தர வேலை கிடையாது. குழந்தைக்குத் தாயின் பதிவுதான், ஆகையால் நிங்குக்கும் ஆலைப் பள்ளிக்கூடம் கிடையாது. யுன்தாங் ஒருவன் ரேஷனில் மூன்று வயிறு. இப்படிப்பட்ட மருமகள்களைச் சேர்த்துக் 'குடும்பப்படை' என்று ஒன்று வைத்திருந்தார்கள். பட்டறைக்குப் பின்னால், கொட்டின மணல் மலையாகக் கிடக்கும். அந்த மணலைச் சலித்து, ஆணியும் இரும்புச் சில்லும் பொறுக்குவது அவர்கள் வேலை. காலையில் எங்களுக்கு முன்னால் வருவார்கள், சாயங்காலம் எங்களுக்குப் பின்னால் போவார்கள். ஆனால் கேட்டில் வாசிக்கிற பெயர்ப் பட்டியலில் அவர்கள் பெயர் வராது. மே தின ஊர்வலத்தில் அவர்கள் நடக்க முடியாது, ஓரத்தில் நின்று கை தட்டலாம்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அது இனித்தது. என்னைவிட ஐந்து வருஷம் கூடுதலாகப் படித்தவள், மணல்மேட்டில் குந்தியிருந்தாள். என் பழைய கையுறைகளை அவளுக்குத் தரலாம் என்று வீட்டுக்காரர் சொன்னார். எல்லாவற்றையும் சுருட்டி என் தங்கைக்கு அனுப்பினேன்.

ஆனாலும் வீட்டுக்குள் அவள்தான் ஜெயித்தாள். மாமியாருக்குக் கண் மங்கிவிட்டது. ஷான்தோங்கிலிருந்து அவர் தம்பி கடிதம் போட்டால் முன்பு நடைக் கடைசியில் இருக்கிற கணக்கரிடம் கெஞ்சிப் படிக்கச் சொல்வோம். இப்போது ஷிலான் படித்தாள். வெறுமனே படிக்க மாட்டாள். "உங்க தம்பி இங்க கொஞ்சம் நிறுத்தியிருக்கார் அத்தை, அழிச்சு எழுதியிருக்கார். சொல்ல வந்ததை விட்டுட்டார் போல" என்பாள். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொள்வார். பதினோரு வருஷம் அவருக்குக் கால் பிடித்தவள் நான். என் கைக்கு அந்தக் கண்ணீர் ஒரு நாளும் வந்ததில்லை.

நாலு வருஷம் போயிருக்கும். சாயங்காலம் அடுப்படியில் நிற்கும்போது ஷிலான் என்னைக் கேள்வி கேட்க ஆரம்பித்தாள்.

"அக்கா, கோரை வைக்கும்போது மூச்சை நிறுத்துவீங்களா?"

"எதுக்கு?"

"கை ஆடக்கூடாதில்ல?"

"நிறுத்தறேனா என்னன்னு யாரு பாத்தா? நீ முட்டைக்கோஸைப் பாரு, தீயுது."

கிண்டல் பண்ணுகிறாள் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் மறுநாள் பட்டறையில் கோரைத் தூக்கும்போது கவனித்தேன். மூச்சை நிறுத்தத்தான் செய்தேன். எனக்கு எரிச்சலாக இருந்தது.

அந்த வருஷம் மே தினத்துக்கு ஆலைச் செய்திப்பிரிவு ஒரு போட்டி வைத்தது. தொழிலாளி தன் வேலையைப் பற்றித் தானே எழுத வேண்டும். நல்லதை மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். ஆலைப் பத்திரிகையில் எப்போதும் முதலில் பட்டறையின் பெயர், அப்புறம்தான் ஆளின் பெயர். பட்டறை இல்லாதவளுக்கு அதில் இடமில்லை.

ஷிலான் என் வாசலில் வந்து நின்றாள். கையில் நாலு தாள்.

"அக்கா, உங்க பேரை இதுக்குக் கொஞ்சம் குடுக்கிறீங்களா?"

"என் பேரா?"

"ஒரு தரம் ஒலிபெருக்கியில கேட்டாப் போதும்கா. பரிசு கிரிசு வந்தா உங்களுக்கே."

"என்ன எழுதியிருக்கே?"

"கோர் பண்றதைத்தான். நீங்க சொன்னதுதான்."

நான் எதையும் சொன்ன ஞாபகம் எனக்கில்லை. ஆனால் அவள் என்னிடம் ஒன்று கேட்டு நிற்பது பிடித்திருந்தது. "பேரு என்ன, தேஞ்சா போகும்? எடுத்துக்கோ போ" என்றேன். என்ன எழுதியிருக்கிறாள் என்று வாசித்துக் காட்டச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

பத்து நாள் கழித்து மத்தியானம். டப்பாவைத் திறந்து சோள ரொட்டியை எடுத்த நேரம், ஒலிபெருக்கி கரகரத்தது. "வார்ப்பட்டறை, சுய் ஃபெங்சின்" என்று அறிவிப்பாளர் பெண் சொன்னாள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் ரொட்டியைக் கையில் பிடித்தபடியே இருந்தேன்.

அதில் 'நான்' என்று ஒருத்தி பேசினாள். 'நான் செய்வது எதுவும் மிஞ்சாது. நான் செய்கிற உருவத்தை இரும்பு சுற்றிக்கொள்கிறது, பிறகு என்னை உடைத்துக் கொட்டுகிறார்கள். மிஞ்சுவது நான் இருந்த இடம் மட்டும். அந்த இடத்தில்தான் தண்ணீர் ஓடுகிறது, வயலுக்குப் போகிறது.' அறிவிப்பாளர் கொஞ்சம் நிறுத்தி வாசித்தாள். 'ஆறிப்போன மணலில் எரிந்த தலைமுடி வாசம் அடிக்கும். எப்போதாவது ஒரு கட்டி உடையாமல் கிடைக்கும். அதில் ஒரு கட்டைவிரலின் பதிவு அப்படியே இருக்கும். ரேகைகூட இருக்கும். நான் என் விரலை அதில் வைத்துப் பார்த்தேன்.'

யாரும் மெல்லவில்லை. உலைப்பக்கம் இருக்கிற முரடர்கள்கூட டப்பாவைக் கீழே வைத்துவிட்டார்கள். என் பக்கத்தில் உட்காரும் லோங் மெய், எந்நேரமும் என்னோடு சண்டை பிடிக்கிறவள், என் கட்டைவிரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"ஏன்டி, இத்தனை வருஷம் உன் பக்கத்துல குந்திக்கிட்டு இருக்கேன். இப்படி ஒருத்தி உள்ள இருக்கான்னு சொல்லவே இல்லையே!"

என்ன சொல்வேன்? எனக்கே தெரியாதே.

கை கழுவுகிற தொட்டியில் குவான் மேஸ்திரி என் பக்கத்தில் வந்து நின்றார். பெண்பிள்ளைதான், ஆனால் உலை ஆட்களே அவருக்குப் பயப்படுவார்கள். எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தவர்.

"நல்லா இருந்துச்சு" என்றார். "நீ எப்ப மணல்மேட்டுக்குப் போனே?"

"சும்மா... ஒருநாள்..."

"நாம பாக்கிறதெல்லாம் ஈர மணல். எண்ணெய் வாசம்தான் நமக்குத் தெரியும். ஆறின மணலை மோந்து பாத்தவ இங்க யாரும் இல்லை." கையை உதறிவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்குப் பொறாமை பிடித்தது எனக்கு. சாதாரணமாகப் பொறாமை என்றால் அடுத்தவள் துணிமணியைப் பார்த்து, அடுத்தவள் புருஷனைப் பார்த்து வரும். எனக்கோ என் பெயரை வைத்துக்கொண்டிருந்த ஒருத்தி மேல் வந்தது. அந்தத் தாளில் இருந்தவள் என் சட்டையைப் போட்டிருந்தாள், என் இடத்தில் உட்கார்ந்திருந்தாள், என் கையால் வேலை செய்தாள். ஆனால் என்னைவிட நன்றாகப் பார்த்தாள். எல்லோருக்கும் அவளைத்தான் பிடித்தது. அவளைச் செய்தவள் மேல் வந்த ஆத்திரத்தை எதில் சேர்ப்பது? பத்தொன்பது வருஷமாக என் கட்டைவிரல் மணலில் பதிந்துகொண்டிருக்கிறது. நான் ஒருநாள் திரும்பிப் பார்க்கவில்லை. ஷிலான் போய் அதைக் கண்டுபிடித்தாள்.

வெளியில் மட்டும் நன்றாக நடித்தேன். நடையில் போகிறவர்கள் "எழுத்துக்காரம்மா" என்று கூப்பிட்டால் திரும்பினேன். பரிசுத் தாளைச் சட்டம் போட்டு மாட்டினார் வீட்டுக்காரர். மாமியார் அதைக் கையால் தடவிப் பார்த்தார். "நம்ம ஃபெங்சினா! நம்ம ஃபெங்சினா!" என்று நாலு பேரிடம் சொன்னார். ஷிலான் அந்தப் பக்கம் நின்று நிங்குக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

அப்புறம்தான் செய்திப்பிரிவுத் தோழர் பெய் வீட்டுக்கே வந்தார். மெலிந்த மனிதர், சட்டைப்பையில் இரண்டு பேனா. நகரப் பத்திரிகை அந்தக் கட்டுரையைப் போடப் போகிறதாம். செய்திப்பிரிவில் ஒரு மேஜை காலியாம். எழுதினவருக்கு அது கிடைக்கலாம் என்றார். "நீங்களே உங்களைப் பத்தி அஞ்சு வரி எழுதிக் குடுங்க, தோழர் சுய். கட்டுரையோடு போடணும்."

அவர் படியிறங்கிய சத்தம் அடங்குவதற்குள் ஷிலான் வந்துவிட்டாள். அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை.

"அக்கா, இப்ப சொல்லிடலாமா?"

"எதை?"

"நான்தான்னு. அந்த மேஜை கிடைச்சா எனக்கு நிரந்தரம். பதிவு மாறும்கா. நிங் ஆலைப் பள்ளிக்கூடத்துல சேரலாம். இந்த வருஷமே சேரலாம்."

அவளுக்கு என்ன வேண்டும் என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது. ஒரு வார்த்தை. என் வாயிலிருந்து வர வேண்டியது.

"சொல்லலாம்" என்றேன். "நாளைக்குச் சொல்றேன்."

நாளைக்கு என்றால் நாளைக்கு இல்லை. மறுநாள் பெய் ஊரில் இல்லை என்றேன். அதற்கு மறுநாள் கூட்டம் என்றேன். அப்புறம் ஏமாற்றினோம் என்று இரண்டு பேரையும் துரத்திவிடுவார்கள் என்று பயமுறுத்தினேன். அது பொய் பாதி, மெய் பாதி. என் மனசில் இருந்தது வேறு. ஒரு நாள் அந்த மேஜையில் அவள் உட்கார்ந்துவிட்டால், நான் மணல் கையோடு நின்று அவளை 'தோழர் மியாவ்' என்று கூப்பிட வேண்டும். என் பெயரில் வந்த பெருமையும் போய்விடும். எனக்கு என்ன மிஞ்சும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தேன், அந்த ஐந்து வரியை எழுத. பென்சிலை நாக்கில் நனைத்து நனைத்து, 'சுய் ஃபெங்சின். வார்ப்பட்டறை. கோர் வேலை.' அதற்கு மேல் வரவில்லை. என்னைப் பற்றி எனக்கு வேறென்ன தெரியும்? அடுப்படியில் ஷிலான் புளித்த முட்டைக்கோஸைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"இதைக் கொஞ்சம் எழுதிக் குடு" என்றேன்.

அவள் தாளைப் பார்த்தாள். பிழிவதை நிறுத்தவில்லை. "அதை நான் எழுத மாட்டேன்கா."

"ஏன், அன்னிக்கு எழுதினியே?"

"அன்னிக்கு எழுதினது என்னது. இது நீங்க. உங்களை நீங்கதான் எழுதணும்."

"என்னதா? அந்தக் கட்டைவிரல் யாருது? என் விரலைத் திருடி உன் எழுத்துன்னு சொல்றியா?"

"திருடலை. பொறுக்கினேன்." நிமிர்ந்து பார்த்தாள். "பொறுக்குறதுதானே எனக்குக் குடுத்த வேலை?"

"வாய் நீளம்டி உனக்கு! கிராமத்துல உனக்கு அதைத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?"

"கிராமத்துல மூச்சு விடச் சொல்லிக் குடுத்தாங்க. இங்க வந்து அதையும் நிறுத்திக்கிட்டேன். அக்கா, நீங்க பத்து நாளா நாளைக்குன்னு சொல்றீங்க. நிங்குக்குப் பள்ளிக்கூடச் சேர்க்கை இந்த மாசத்தோட முடியுது. உங்களுக்கு அந்த மேஜை வேணுமா? வேணும்னா வேணும்னு சொல்லுங்க. நான் விட்டுடறேன்."

"எனக்கு எதுக்கு மேஜை! மேஜையில குந்தி நான் என்ன பண்ணப் போறேன்?"

"அப்ப வேற என்னத்தைப் பிடிச்சுக்கிட்டு இருக்கீங்க?"

எதிர்வீட்டுக்காரி கதவிடுக்கில் காது வைத்திருந்தாள். "உன் பூண்டு தீயுது பாரு" என்று அவள்மேல் எரிந்து விழுந்துவிட்டு உள்ளே போனேன்.

மே தினத்துக்கு முந்தின நாள் பட்டறையில் கூட்டம். பெய் பத்திரிகைக்கு அனுப்புகிற பிரதியோடு வந்து நடுவில் நின்றார். அறுபது பேர் இருந்தோம். சுற்றுச் சுவரின் உடைந்த கதவு வழியாக மணல்மேட்டுப் பெண்களும் எட்டிப் பார்த்தார்கள். ஷிலான் அவர்களுக்கு நடுவில், தலையில் தூசித் துணி கட்டி நின்றாள்.

பெய் கட்டுரையை மறுபடியும் வாசித்தார். அழகாக வாசித்தார், அதுதான் எனக்கு வினை. கட்டைவிரல் வந்த இடத்தில் லோங் மெய் அழுதுவிட்டாள், என் கையைப் பிடித்து அழுத்தினாள். "தோழர் சுய் மாதிரி ஒரு தொழிலாளியாலதான் இதைப் பாக்க முடியும்" என்றார் பெய். "வெளியாளுக்கு இந்தக் கண் வராது. எத்தனை படிச்சாலும் வராது. இது வர்க்கத்தோட கண்."

அறுபது பேர் கை தட்டினார்கள். என்னைப் பார்த்துத்தான். ஆனால் என்னை இல்லை. என் சட்டைக்குள் புகுந்துகொண்ட அவளை. என் பெயரைச் சொல்லிச் சொல்லி அவளைக் கொண்டாடுகிறார்கள், நான் அங்கே உயிரோடு நிற்கிறேன். அந்த நிமிஷம் நல்ல எண்ணம் வந்து பேசினேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சகிக்க முடியாமல்தான் பேசினேன்.

"அது நான் இல்லை!" என்று கத்தினேன். "இது என்னது இல்லை. அதோ நிக்கிறாளே, மணல் பொறுக்கிறவ, அவ எழுதினது! என் பேரைக் கேட்டு வாங்கிட்டுப் போனா!"

கைதட்டல் பாதியில் நின்றது. எல்லோரும் கதவுப்பக்கம் திரும்பினார்கள். ஷிலான் தலையில் கட்டிய துணியை அவிழ்த்து மடித்தாள், மறுபடி கட்டினாள். அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

பெய் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. "இது மோசடி, தோழர் சுய். தொழிலாளி எழுத்துன்னு பத்திரிகைக்குச் சொல்லிட்டோம்."

"அவளும் தொழிலாளிதான்" என்றார் குவான் மேஸ்திரி, உட்கார்ந்த இடத்திலிருந்தே.

"அவ குடும்பப்படை, மேஸ்திரி. விதின்னு ஒண்ணு இருக்கு."

"அவ காலைல ஆறரைக்கு வர்றா. நீங்க எட்டேகாலுக்கு வர்றீங்க. விதிப்படி யாரு தொழிலாளி?"

உலைப்பக்கம் ஒரே சிரிப்பு. பெய்யும் பாவம், காது சிவந்து நின்றார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் மேஜை அன்றைக்கே கைவிட்டுப் போனது. நிரந்தர ஆளுக்குத்தான் கொடுக்க முடியும் என்றார்கள். கிரேன் பிரிவில் ஒருத்தன் இருந்தான், கோஷம் எழுதுவான், அவனுக்குப் போயிற்று. எனக்கு ஒலிபெருக்கியில் சுயவிமர்சனம், அதாவது என் தப்பை நானே எல்லோரும் கேட்க ஒப்புக்கொள்வது. என் வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்ததை அதே அறிவிப்பாளர் வாசித்தாள். அதற்கும் எல்லோரும் டப்பாவை வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

நாலு நாள் ஷிலான் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் தண்ணீர்க் குழாயில் எதிர்ப்பட்டாள்.

"நீங்க சொன்னது சரிதான்கா" என்றாள். "சொன்ன விதம்தான்..."

"என்ன விதம்?"

"மணல் பொறுக்கிறவன்னு சொன்னீங்க. எனக்குப் பேரு இருக்கு. அதைச் சொல்லியிருக்கலாம்."

வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. நான் குழாயை மூடவில்லை.

குவான் மேஸ்திரி சும்மா இருக்கிற ஆள் இல்லை. எங்கள் ஆலையில் ஒரு வழக்கம் இருந்தது. வருஷத்துக்கு ஒரு தரம், குடும்பப்படையில் ஒருத்தியை நிரந்தரமாக எடுத்துக்கொள்ளும்படி ஒரு பட்டறை சிபாரிசு செய்யலாம். பட்டறை மொத்தமும் கை தூக்க வேண்டும், ஒரு கை குறைந்தாலும் தாள் மேலே போகாது. மழைக்காலத்தில் கூட்டம் போட்டார். "மியாவ் ஷிலான், கோர் பிரிவுக்கு. சம்மதம்னா கையைத் தூக்குங்க."

கைகள் எழுந்தன. லோங் மெய் இரண்டு கையையும் தூக்கினாள், ஒன்றை இறக்கச் சொன்னார்கள். எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். என் கை மடியில் கிடந்தது. பள்ளிக்கூடம், ரேஷன், பதிவு எல்லாம் அந்தக் கையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அப்படியும் எழவில்லை. இனி பட்டறைக்குள்ளும் பக்கத்து இடத்தில் அவளா என்று மனசு கேட்டது. வீட்டிலும் அவள், இங்கேயும் அவள். நான் எங்கே போவேன்?

"ஃபெங்சின்" என்றார் மேஸ்திரி. "கை வலிக்குதா?"

"வலிக்குது."

"மருந்து போடணுமா?"

சிரித்தார்கள். "வேண்டாம்" என்று சொல்லிக் கையைத் தூக்கினேன். தூக்காவிட்டால் பொறாமைக்காரி என்பார்கள் என்றுதான் தூக்கினேன். தூக்கின பிறகும் பொறாமை அங்கேயேதான் இருந்தது, கொஞ்சமும் குறையவில்லை. "அவளுக்கு நான்தான் வேலை சொல்லிக் குடுப்பேன்" என்றேன். அது ஏன் வாயில் வந்தது என்று தெரியவில்லை.

தாள் மேலே போய், இறங்கி வர பதினான்கு மாதம் ஆயிற்று. கட்டுரை அதற்குள் பத்திரிகையில் வந்திருந்தது. பட்டறைப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'தொழிலாளியின் மனைவி' என்று போட்டிருந்தார்கள். கீழே மியாவ் ஷிலான். நிங் ஒரு வருஷம் தாமதமாகப் பள்ளிக்கூடம் சேர்ந்தாள், வகுப்பிலேயே உயரமானவளாக.

ஷிலான் நீலச் சட்டை போட்டுக்கொண்டு பட்டறைக்குள் வந்த நாளிலிருந்து ஆறு மாதம் என் பக்கத்தில் குந்தியிருந்தாள். கோர் வேலை அவளுக்கு வரவே இல்லை. மணலை அளவுக்கு மேல் ஈரமாக்குவாள், அடுப்பில் வெடிக்கும். நான் என் கையை அவள் கைமேல் வைத்து அழுத்தம் எவ்வளவு என்று காட்டினேன். உள்ளுக்குள் எனக்குக் கொண்டாட்டம். இதிலாவது நான்.

அடுத்த மே தினத்துக்குப் பெய் அவளிடமே கேட்டு வாங்கினார். ஒலிபெருக்கி சொன்னது, "வார்ப்பட்டறை, மியாவ் ஷிலான்". அவள் டப்பாவைத் திறக்காமல் காத்திருந்தாள். எழுத்து வந்தது. உலை சிவந்தது, கைகள் ஒன்று சேர்ந்தன, நாங்கள் முன்னேறுகிறோம் என்றெல்லாம் வந்தது. யாரும் டப்பாவைக் கீழே வைக்கவில்லை. லோங் மெய் பூண்டு உரித்துக்கொண்டே கேட்டாள். நான் இரண்டு ரொட்டி சாப்பிட்டேன், ருசியாகத்தான் இருந்தது.

"நல்லா இல்லைல்லக்கா?" என்று கேட்டாள்.

"நல்லா இல்லை."

"தெரியும்" என்றாள். "வெளிய நிக்கும்போது உள்ள தெரிஞ்சுது. இப்ப எண்ணெய் வாசம் மட்டும்தான் வருது."

அதற்குப் பிறகு ஒலிபெருக்கிக்கு அவள் எதுவும் தரவில்லை. பெய் கேட்டுப் பார்த்து ஓய்ந்துபோனார். ஆனால் அவள் எழுதுவதை நிறுத்தவில்லை. மத்தியான ஓய்வில் நோட்டை எடுத்துக்கொண்டு போய் எங்காவது உட்காருவாள். ஆலை மூடின வருஷம் எங்களைப் போல அவளும் வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். நான் மூன்று மாதம் கதவைத் திறக்கவில்லை. அவள் மறுவாரமே சந்தையில் அவித்த சோளம் விற்கப் போனாள், அங்கேயும் நோட்டு. அந்த நீலச் சட்டையைக் கழற்றினதும் எனக்கு நான் யார் என்றே தெரியாமல் போயிற்று. அவள் மட்டும் எப்படி நிமிர்ந்து நடந்தாள் என்று அதற்கும் வயிறெரிந்தேன்.

போன இலையுதிர் காலத்தில் ஷிலான் போய்விட்டாள், நெஞ்சுச் சளியில். பதினேழு நோட்டு இருக்கிறது என்று நிங் வந்து சொன்னாள். நிங்குக்கே இப்போது தலை நரைத்துவிட்டது.

"பெரியம்மா, உங்களைப் பத்தி இருக்கு. வாசிக்கட்டுமா?"

"எவ்வளவு இருக்கு?"

"சில இடத்துல நிறைய. சில வருஷம் ஒரு வரிகூட இல்லை."

எந்த வருஷம் இல்லை, நான் கை தூக்கின வருஷமா என்று கேட்க நாக்கு வரை வந்தது. வெங்காயத்தாள் அரிய வேண்டும், இன்னொரு நாள் வா என்று அவளை அனுப்பிவிட்டேன்.